ஆமாம் போடுகிறவர்கள்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவனுக்குப் பக்கவாத்தியம் வேண்டியதில்லை. சுருதி சேரவில்லை என்று யாரோடும் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. கிடைத்த கூலியை விடியற்காலையில் ஏழு பேருக்குப் பங்கு போட வேண்டியதும் இல்லை. (பங்கு போடுகிற அளவுக்குக் கூலி எங்கே வருகிறது என்பது வேறு சமாசாரம்.) கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அவன் எழுதியதுதான் எழுத்து. அதனாலேயே கலை என்றாலே தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "சார், கலையினால் உழைக்கிறவன் வாழ்க்கை மாறுமா?" நான் ஏதோ மழுப்பினேன். மேடையில் இருந்து இறங்கிய எழுத்தாளன் மழுப்புவதில் கெட்டிக்காரனாகத்தான் இருப்பான். ஆனால் ரயில் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பொதுவாகப் பதில் சொன்னால் பிரசங்கமாகிவிடும். எனக்குத் தெரிந்த பொருநைக் கரையை வைத்துப் பதில் தேடிப் பார்க்கிறேன்.

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமத்தில், பத்து வயதில், அம்மன் கொடைக்குப் பாட்டியோடு போயிருக்கிறேன். நடுநிசி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பூச்சிகள் மொய்க்கின்றன. நடுவில் நீண்ட வில். அதைத் தாங்கிக்கொண்டு ஒரு மண்குடம். அண்ணாவி வீசுகோலை நாண் மேல் போடும்போது மணிகள் எல்லாம் ஒரே குரலில் சிலிர்க்கின்றன. அவர் ஓர் அடி பாடுகிறார். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். பாட்டை நிறுத்தி வசனத்தில் அவர் கதை சொல்லும்போது, குடத்துக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ஆமா" போடுகிறார். சில ஆமாவில் வியப்பு, சிலவற்றில் கிண்டல், சிலவற்றில் "அப்படியா செய்தான் பாவி?" என்கிற ஆத்திரம். எனக்கு அண்ணாவியை விட அந்த ஆமாக்காரரைத்தான் பிடித்திருந்தது. ஊரில் 'ஆமாம் போடுகிறவன்' என்றால் சுயபுத்தி இல்லாதவன் என்று பொருள். வில்லுப்பாட்டிலோ அவர்தான் முதல் விமர்சகர். அவருடைய ஆமா சப்பென்று விழுந்தால், கதை தொய்கிறது என்று அண்ணாவிக்குத் தெரிந்துவிடும்; உடனே அடியை முறுக்குவார்.

வில்லுப்பாட்டுக்காரர்கள் இடத்தை 'வலத்தே', 'இடத்தே' என்று பிரித்துச் சொல்வார்கள். வலத்தே தலைமைப் பாடகர். இடத்தே அவரை ஏந்திக்கொள்கிறவர்கள். உடுக்கு, தாளம், கட்டை, குடம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. கருவிகளையே எடுத்துப் பாருங்கள். குடம் வேளார் சுட்டது. மணி கொல்லர் வார்த்தது. நாணும் உடுக்கின் முகமும் தோல். அதைப் பதப்படுத்தியவர் ஊருக்கு வெளியே இருக்கிற தெருவில் இருப்பவர். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே அங்கே பல பேருடைய உழைப்பு உட்கார்ந்துவிடுகிறது. பாடுகிறவர்கள் யார்? நான் பார்த்தவர்கள் பகலில் வயலிலும் விளையிலும் கூலிக்குப் போகிறவர்கள், பனை ஏறினவர்கள், சில பேர் பீடி சுற்றுகிற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கொடை நடக்கிற மாதங்களில் மட்டும் அவர்கள் கலைஞர்கள். மகுடம் கொட்டிக் கணியான் கூத்து ஆடுகிறவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். அவர்களுக்குக் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற கடமையும் கூட உண்டு.

இந்தக் கூட்டுக் கலையின் சிகரம் எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் முத்துப்பட்டன் கதை என்று சொல்லுவேன். இதிலும் நான் பட்சபாதமாகவே பேசுகிறேன். இது எங்கள் ஆற்றங்கரைக் கதை.

முத்துப்பட்டன் பிராமணன். அண்ணன்மாருடன் பிணங்கிப் பிரிந்துபோய், பிறகு அவர்களோடு திரும்பி வருகிற வழியில், பாபநாசம் மலைச்சாரலில் இரண்டு பெண்களைப் பார்க்கிறான். பொம்மக்கா, திம்மக்கா. மாடு காத்துத் தோல் வேலை செய்கிற வாலப்பகடையின் மக்கள். அவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தகப்பனிடம் போய் நிற்கிறான். இந்த இடத்தில்தான் கதை நம் சினிமாக் கதைகளை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. வாலப்பகடை காலில் விழவில்லை; பயந்து ஓடவும் இல்லை. நிபந்தனை போடுகிறான். பூணூலை அறுக்க வேண்டும். குடுமியை எடுக்க வேண்டும். தோல் வேலை கற்றுக்கொண்டு செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும். அண்ணன்மார் அவனைக் கல்லறையில் அடைத்துப் பார்க்கிறார்கள். அவன் தப்பி வந்து, சொன்னபடியே செய்து, பெண்களைக் கட்டிக்கொள்கிறான். கல்யாண இரவிலேயே மாடு கவர்கிற கூட்டம் வருகிறது. மாமனார் மந்தையைக் காக்கப் போனவன் கொல்லப்படுகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள்.

காதலுக்காகச் சாதியை விட்டவன் என்று இந்தக் கதையைச் சொல்லி மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அதை விடப் பெரியதாகத் தோன்றுவது அந்த நிபந்தனை. சாதியை விடுவது ஒரு வார்த்தையில் ஆகிற காரியம். மேடையில் தினமும் நாலு பேர் விடுகிறார்கள். தொழிலைக் கற்றுக்கொள்வது அப்படி அல்ல. நாற்றத்தைச் சகிக்க வேண்டும்; ஊசி விரலில் ஏற வேண்டும்; தைத்ததை எடுத்துக்கொண்டு நாலு பேர் நடுவில் போக வேண்டும். இந்த நிபந்தனையை ஒரு தனி மனிதன் அறையில் உட்கார்ந்து கற்பனை செய்திருப்பான் என்று நான் நம்பவில்லை. தைக்கிறவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆமா அதில் கலந்திருக்கிறது.

ஆனால் கூட்டுக் கலை என்றால் எல்லாரும் சமமாகக் கை வைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. கொடைக்குப் பணம் கொடுக்கிறவனும் அதில் ஒரு கூட்டாளி. வழக்கில் உள்ள பாடத்தில் ஒரு சங்கதி வருகிறது: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குலத்தில் பிறந்து காட்டில் விடப்பட்ட குழந்தைகளாம், வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். இது பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்று நா. வானமாமலை எடுத்துக் காட்டினார். மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக 1971-ல் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தவர் அவர்.

ஒரு கதைக்காரன் என்ற முறையில் நானும் ஒரு சாட்சி சொல்லுகிறேன். ஒட்டு நன்றாகத் தெரிகிறது. அவர்கள் பிராமணப் பெண்கள் என்றால் அண்ணன்மாரின் கோபத்துக்கு அர்த்தம் இல்லை. செருப்புத் தைக்கிற சோதனைக்குக் கூர் இல்லை. இறப்புக்கும் கனம் குறைகிறது. கதையின் எலும்பு எல்லாம் ஒரு பக்கம் போக, இந்த ஒரு சதைத் துண்டு மட்டும் வேறு பக்கம் போகிறது. யாரோ ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "கதை எல்லாம் சரிதான் அண்ணாவி, ஆனா இப்படிச் சொல்லப்படாது" என்று சொல்லியிருப்பார். அண்ணாவிக்கு அடுத்த வருஷக் கொடையும் வேண்டுமே! நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பத்திரிகாசிரியர் சொன்னார் என்பதற்காக ஒரு தொடர்கதையில் சாக வேண்டிய பெண்ணைப் பிழைக்க வைத்தவன் நான்.

ஆனாலும் அந்த ஒட்டு கதையைக் கொல்லவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். காரையாறுக் காட்டில் சொரிமுத்தையனார் கோவில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலிச் சீமையே அங்கே திரண்டு போகும். அங்கே பட்டவராயனாக நிற்கிறவன் நம் முத்துப்பட்டன்தான். அவனுக்கு நேர்த்திக்கடன் என்ன தெரியுமா? செருப்பு. புதுத் தோல் செருப்பு தைத்துக் கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சாமி ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு மலையெல்லாம் வேட்டைக்குப் போகிறார், அதனால்தான் அடுத்த வருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கிறது என்பது நம்பிக்கை.

மற்றக் கோவில்களில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போகிறோம். இதே தெற்குச் சீமையில், பல கிராமங்களில், தாழ்த்தப்பட்ட மக்கள் மேல்தெரு வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. மனிதர் நினைவில் இருக்கிற காலம்தான் அது. செருப்புத் தைக்கிறவர் அதைப் போட்டு நடக்க முடியாது. ஆனால் அவர் தைத்த செருப்பைச் சந்நிதியில் சாமி ஏற்றுக்கொள்கிறார். மேல்சாதிக்காரரும் அதைத் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறுகிறார். இதனால் ஒரு தொழிலாளியின் கூலி ஓர் அணா உயர்ந்திருக்குமா? உயர்ந்திராது. ஆனால் அந்தத் தொழிலைப் பற்றி நாக்கில் வைத்துப் பேச முடியாத ஒரு ஊரில், வருஷத்துக்கு ஓர் இரவு, அதைப் பற்றியே விடிய விடியப் பாட முடிந்தது. என்னிடம் கேள்வி கேட்ட பையனுக்கு இதைப் பாதிப் பதிலாகச் சொல்லலாம்.

மீதிப் பாதி கசப்பானது. அந்தக் கோவிலுக்குப் பரம்பரை தர்மகர்த்தாக்கள் சிங்கம்பட்டி ஜமீன்தார்கள். கடைசியாக முடிசூட்டப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதி ஆடி அமாவாசையில் ராஜ உடையில் அங்கே காட்சி தருவார். அவர் 2020-ல் காலமானார். அதே ஜமீன் காட்டில் 8,373 ஏக்கரை 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து பம்பாய் பர்மா கம்பெனி உண்டாக்கியதுதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். கூலி உயர்வு கேட்டும், சிறையில் போட்டவர்களை விடச் சொல்லியும் அந்தத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23-ல் ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் போலீஸ் தடியடி. ஆற்றில் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் பிணமானார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. சாமி வேட்டைக்குப் போகிற மலையில் இருந்து புறப்பட்டு வருகிற அதே தண்ணீர்தான்.

அநியாயமாக வெட்டுப்பட்டவனைச் சும்மா விடாமல் கதையாக்கிப் பாடுவது இந்தப் பள்ளத்தாக்கின் பழைய சட்டம். வில்லுப்பாட்டைப் பற்றி 1988-ல் புத்தகம் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்கிற அமெரிக்கர், பிறப்புக் கதைகள் ஒரு வகை, இறப்புக் கதைகள் ஒரு வகை என்று பிரித்து, இறப்புக் கதை பாடும்போதுதான் சாமியாட்டம் உச்சத்துக்குப் போகிறது என்று கவனித்தார். அந்தச் சட்டம் இப்போது வேறு கருவிகளைத் தேடிக்கொண்டது. ஆர். ஆர். சீனிவாசன் அந்தச் சம்பவத்தை 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக எடுத்தார். அந்தப் பக்கத்துப் பையனாகிய மாரி செல்வராஜ் தம் கதைத் தொகுதிக்குத் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று பெயர் வைத்தார். பிறகு சினிமா டைரக்டர் ஆனார்.

சினிமாவுக்கு வருமுன் வானமாமலையிடம் ஒரு நிமிஷம் திரும்பிப் போகிறேன். நாங்குநேரியில் பிறந்து, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டு, உள்ளூர் ஆசிரியர்களையும் இளைஞர்களையும் கூட்டிவைத்து ஆராய்ச்சி செய்தவர். 1964-ல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' அவருடைய தொகுப்பு. பாட்டுக்களின் அடியில், பொடி எழுத்தில், சேகரித்தவர் இன்னார், பாட உதவியவர் இன்னார், ஊர் இன்னது என்று போட்டிருக்கிறது. நாற்று நட்டவளின் பெயர் புத்தகத்தில்! புலவர் பெயர் தெரியாவிட்டால் 'யாரோ' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்த ஒரு தேசத்தில் இது சாமான்யமான காரியம் அல்ல. அந்தப் பொடி எழுத்துக்களை நான் பாட்டுக்களை விட அதிக நேரம் படித்திருக்கிறேன்.

அப்படிப் படித்ததற்கு ஒரு குற்ற உணர்ச்சியும் காரணம். என் நாவல் ஒன்றில் வில்லுப்பாட்டுக் கோஷ்டி வருகிறது. அதற்காக ஓர் அண்ணாவியிடம் மூன்று மாத காலம் போய் வந்தேன். அவர் அப்பன் பாட்டன் கதை, கோஷ்டிச் சண்டை, கொடைக் கூலி பேசுகிற சாமர்த்தியம், எல்லாம் கொடுத்தார். நான் நோட்டுப் புத்தகத்தை நிரப்பினேன். அவர் வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்தேன். புத்தகம் வந்து நாலு பேர் மெச்சினார்கள். முக்கியமாக வசனத்தின் உயிரோட்டத்தை. அந்த உயிர் யாருடையது? முன்னுரையில் நான் பதிப்பாளருக்கு நன்றி சொன்னேன், அட்டை போட்ட ஓவியருக்குச் சொன்னேன். அண்ணாவி பெயர் இல்லை. மறந்துவிட்டேன் என்றால் பொய். தனியாக எழுதியது என்கிற கௌரவம் எனக்கு வேண்டியிருந்தது.

'பரியேறும் பெருமாள்' 2018-ல் வெளிவந்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவனின் கதை. அதில் பையனுடைய தகப்பனார் பெண் வேஷம் கட்டி ஆடுகிற கலைஞர். அந்த வேஷத்தைச் சுமந்தவர் நெல்லை தங்கராஜ் என்கிற நிஜமான நாட்டுப்புறக் கலைஞர். கல்லூரிப் பையன்கள் அவரை அவமானப்படுத்தித் துணியை உருவி ரோட்டில் ஓடவிடுகிற காட்சியைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்துபோக முடியாது. ஒரு நடிகர் ஓடியிருந்தால் நாம் நடிப்பை மெச்சியிருப்போம். இங்கே ஓடுகிறது ஆடிப் பழகின உடம்பு. அந்த உடம்புக்கு லஜ்ஜையும் தெரியும், சபையும் தெரியும். டைரக்டர் தாம் அறிந்த வாழ்க்கையைக் கொடுத்தார். தங்கராஜ் தம் உடம்பைக் கொடுத்தார். அந்தக் காட்சிக்கு ஆசிரியர் ஒருவர் என்று நான் சொல்ல மாட்டேன். படத்தில் எனக்குக் குறையும் உண்டு. கொலைகாரக் கிழவர் பாத்திரம் வலிந்து செய்தது போல் இருக்கிறது. ஆனால் இந்தத் தகப்பனார் வருகிற இடங்களில் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

படம் ஓடிற்று, பேர் வாங்கிற்று. தங்கராஜோ மூன்று வருஷம் கழித்தும் நல்ல வீடு இல்லாமல்தான் இருந்தார். அதற்குள் கொள்ளை நோய் வந்து 2020-லும் 2021-லும் கொடைகளை நிறுத்தியது. கொடை நின்றால் கோஷ்டிக்கு அந்த வருஷமே இல்லை. கோடை மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். அவர் நிலைமை செய்தியாக வெளிவந்த பிறகு, தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தாரும் மாவட்ட நிர்வாகமும் முன்வந்து அவருக்கு ஒரு வீடு அமைய வழி செய்தார்கள். 2023 பிப்ரவரியில் அவர் காலமானார். ஆயுசு முழுவதும் தெருவில் ஆடியதற்குக் கிடைக்காத கூரை, திரையில் சில நிமிஷம் ஆடியதற்குப் பிறகு கிடைத்தது. அதுவும் படம் கொடுத்ததல்ல. படத்தைப் பார்த்தவர்கள் கொடுத்தது. அவரோடு ஆடினவர்கள், அடித்தவர்கள் வீடுகளைப் பற்றிச் செய்தி எதுவும் வரவில்லை.

மாரி செல்வராஜின் 'வாழை' 2024-ல் வந்தபோது, வாழைத்தார் சுமக்கிற பிள்ளைகளைப் பார்த்துக் கொட்டகையில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். மறுநாள் காலையில் திருநெல்வேலி மார்க்கெட்டில் தார் ஒன்றுக்கு விலை பேசிக் குறைத்து வாங்கினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, எழுத்தில்தான் சொல்லுகிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகு, அந்த அண்ணாவியின் ஊருக்குப் போனேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது என்றார்கள். அவருக்குக் குடம் அடித்தவர் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது. நாவலை நீட்டி, அண்ணாவி பெயரை அடுத்த பதிப்பில் போடப்போகிறேன் என்று சொன்னேன். புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். கண் மங்கிவிட்டது அவருக்கு.

"அண்ணாச்சி பேர மட்டுமா போடப் போறிய?" என்று கேட்டார்.

நான் விழித்தேன்.

"நாங்க ஏழு பேருல்லா தம்பி. காசு வந்தா ஏழு பேருக்கும் பிரிப்போம். அண்ணாவிக்கு ஒண்ணர பங்கு, மத்தவனுக்கு ஒண்ணு. பேரு மட்டும் ஒருத்தருக்கா?"

சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தேன். அவர் ஒவ்வொரு பெயராக, அவரவர் அடித்த வாத்தியத்தோடு, சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது பெயரில் நின்றுவிட்டார். கட்டை தட்டினவர் பெயர் ஞாபகம் வரவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நான் திண்ணையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன்.